பன்னிரண்டு நிமிடக் கூட்டம்

ஒரு கூட்டம் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போனால், அதை நடத்துகிறவருக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் உள்ளே வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நம் ஊர்க் காலை வணக்கமாக, "எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டீர்கள். நான் பேசாமல் இருந்ததும் உங்கள் முகம் சுருங்கியது. மரியாதை தெரியாதவன் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. நடந்ததெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. அதனால் அதற்கு வரிசையாகப் பதில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

என் பெயர் எட்மோர் நெங்கோமாஷா. வயது நாற்பத்தெட்டு. குலப்பெயர் சோக்கோ, பெரியவர்கள் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்தக் கரோயி ஊரில், விதைக்கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளில் எங்கள் நிறுவனத்தின் பள்ளத்தாக்குப் பிரிவு இருக்கிறது. அதை நான் நடத்தினேன். கீழே ஸாம்பேசிப் பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஆறு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள். நீலமும் கறுப்புமான துணிப் பொறிகளைக் காட்டில் கட்டிவைத்து, அதில் விழும் செட்சி ஈக்களை எண்ணுவது அவர்கள் வேலை. அந்த ஈ கடித்தால் மாடு மெலிந்து சாகும். மனிதனைக் கடித்தால் வருவது தூக்க நோய். நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர், உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம்.

ஆறு பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்ப்பது வருடத்துக்கு இரண்டு முறை. மற்றபடி தினமும் காலை ஏழரைக்குப் போனில் கூட்டம். படம் வராது, குரல் மட்டும். நிலையங்களில் போன் சிக்னல் எடுக்காது. கூரையில் ஒரு செயற்கைக்கோள் தட்டு வைத்து, சூரியத் தகட்டில் ஓடுகிற இணையம் கொடுத்திருந்தோம். ஆகவே அந்தக் கூட்டம்தான் எங்கள் அலுவலகம், எங்கள் சாப்பாட்டு மேசை, எல்லாமே.

அந்தக் கூட்டம் எப்படி நடந்தது என்று கேளுங்கள். முதலில் ஒருவர் கைதட்டுவார். வணக்கம் சொல்லும்போது உள்ளங்கைகளைத் தட்ட வேண்டும் அல்லவா, அதைப் போனிலும் விடமாட்டார்கள். தட்டுகிற சத்தத்தில் குரல் அறுந்துவிடும். "கேக்குதா, கேக்குதா" என்று நான்கு பேர் கத்துவார்கள். பிறகு முதலிலிருந்து தொடங்கும்.

"ரூவா அம்மா, எப்படித் தூங்கினீங்க?"

"நீ தூங்கியிருந்தா நானும் தூங்கினேன்பா, ஒப்வியஸ்."

"நான் எங்க தூங்கினேன், யானை வந்து தண்ணித் தொட்டியைக் கவுத்துட்டுப் போயிடுச்சு."

"உன் மூஞ்சியைப் பாத்திருக்கும். அதுக்கும் உசுரு முக்கியம்தானே."

எல்லோரும் சிரிப்பார்கள். ஒப்வியஸ் சிக்கோமோ எங்கள் நிலையத்தாரில் இளையவன், முப்பத்தொன்று இருக்கும். ரூவா அம்மாவின் சொந்தப் பெயர் கொன்சீலியா முச்செம்வா. ஐம்பத்து நான்கு வயது. சிவுரே நிலையத்தில் பதினோரு வருடம் தனியாக இருந்தவர். ஒரே மகள் ரூவா ஜொகனஸ்பர்கில் தாதியாக இருக்கிறாள்.

இப்படி ஆறு பேர் மற்ற ஐந்து பேரிடமும் தூக்கம் விசாரித்து, மழை விசாரித்து, வீடு விசாரித்து முடிக்கப் பத்தொன்பது நிமிடம் ஆகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் செய்தி உடனே வராது. எங்களில் யாரும் கெட்ட செய்தியை முன்னால் வைக்கமாட்டார்கள். எல்லாம் சுகம் என்பார்கள். அது சுகம், இது சுகம் என்று சுற்றி வந்து கடைசியில், "வேற ஒண்ணுமில்ல, ஆனா…" என்று இழுப்பார்கள். பாம்புக்கடி, காய்ச்சல், சாவு எல்லாம் அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால்தான் இருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் இந்த மண்ணில் பிறந்தவன். தெரிந்துதான் அந்த விசாரிப்பையெல்லாம் வெட்டினேன்.

ஏன் வெட்டினேன் என்பதுதான் உங்களுக்கு வேண்டும். டிசம்பரில் தலைநகர் ஹராரேயிலிருந்து எங்கள் இயக்குநர் திருமதி மண்டாசா ஒரு நாள் கூட்டத்தில் சேர்ந்து கேட்டார். முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எட்மோர், ஒரு மணி பத்து நிமிஷம். அதுல வேலைப் பேச்சு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். மார்ச் கடைசில மறுபடி வந்து உட்காருவேன். அப்பவும் இப்படித்தான் இருக்கும்னா, ஆறு நிலையத்தையும் மூடிட்டு மெஷினை வெச்சு ஈ எண்ணிக்கலாம். நம்ம ஆளுங்கள்ல ஒருத்தருக்குக்கூட நோய் வரலங்கற ஒரே காரணத்துக்காகத்தான் இப்ப விட்டு வெச்சிருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்கிறார்கள், அவர் என்னைக் கேட்டார்.

அன்று எனக்கு ஏற்பட்ட பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இதற்கு முன் நான் இருந்த நிறுவனமும் இப்படித்தான் மூடப்பட்டது. வேலை போனதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. ஐந்து மாதம், தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். மாலை ஐந்துக்கு எழுந்து வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் அவள் கிராமத்துக்குப் போக அங்கே பேருந்து ஏற வந்தாள். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பேருந்தில் ஏறிப் போனாள், திரும்பி வரவில்லை. அந்தச் சிமெண்ட் பெஞ்சில் மறுபடி போய் உட்கார்வதைவிட நான் எதையும் செய்வேன். எதையும் என்றுதான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே ஜனவரி முதல் வாரத்தில் கூட்டத்தைச் சீர்செய்தேன். எல்லோருக்கும் நல்லதாகத்தான் செய்தேன். தூக்கம் விசாரிப்பதற்குப் பதிலாக, ஏழு மணிக்குள் ஒவ்வொருவரும் எனக்கு ஒரு பச்சைப் புள்ளி அனுப்பினால் போதும் என்றேன். பச்சை என்றால் சுகம், சிவப்பு என்றால் உதவி தேவை. கூட்டத்தில் எல்லோருடைய குரலையும் நான் மியூட்டில் வைப்பேன். பெயர் சொன்னவருக்கு மட்டும் திறந்துவிடுவேன், எழுபது நொடி. ஈக் கணக்கு, பொறியின் நிலை, முடிந்தது. வேறு பேச்சு இருந்தால் மாலைக்குள் எனக்கு எழுதி அனுப்பலாம், நான் சுருக்கி மறுநாள் குறிப்பில் சேர்ப்பேன். குரல் தெளிவாக வர வேண்டும் என்பதற்காக, நிலைய இணையத்தில் மற்ற செயலிகளை எல்லாம் அடைத்துவிட்டேன். சொந்தக்காரர்களோடு அரட்டை அடிக்கிற செயலிகளும் அதில் அடங்கும்.

ஒப்வியஸ் மட்டும் முணுமுணுத்தான். அன்று சாயந்திரம் எனக்குக் குரல் செய்தி அனுப்பினான். "பெரியவரே, பச்சைப் புள்ளி அனுப்பிட்டேன். ராத்திரி எப்படித் தூங்கினேன்னும் அந்தப் புள்ளியே உங்களுக்குச் சொல்லிடும், இல்ல? அப்படியே என் கல்யாணத்துக்கும் அதையே அனுப்பிடறேன், நீங்க வந்து சாப்பிட வேண்டாம்." நான் சிரித்தேன். பதில் போடவில்லை.

முதல் வாரம் முப்பத்தைந்து நிமிடம். மூன்றாம் வாரம் பத்தொன்பது. ஜனவரி கடைசியில் பதினாறு. சுவரில் ஒரு தாள் ஒட்டி, நாள்தோறும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். கோடு கீழே இறங்க இறங்க எனக்கு மூச்சு சீராக வந்தது. திருமதி மண்டாசா அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அந்தக் கோடு மேலே திரும்பியது. காரணம் ரூவா அம்மா.

முதலில் அவர் எழுபது நொடியைத் தாண்டினார். பொறி எண்ணிக்கை சொல்லிக்கொண்டே இருந்தவர், நடுவில் தன் மகள் சின்ன வயதில் கோழிக்கூண்டுக்குள் தூங்கிப்போன கதைக்குப் போனார். நான் மியூட் செய்தேன். மறுநாள் கணக்கை இரண்டு தடவை சொன்னார், இரண்டும் வேறு வேறு. அதற்கு அடுத்த நாள் பெயர் சொன்னதும் நாற்பது நொடி சத்தமே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்தார். காலை ஏழே முக்காலுக்கு. நான் குறிப்பில் இப்படி எழுதினேன்: ‘சிவுரே நிலையம் - நேர ஒழுங்கு தேவை.’

என் மேசைக்கு மேலே ஒரு சுவரொட்டி இருக்கிறது. கிராமங்களில் ஒட்டுவதற்காக நாங்களே அச்சடித்தது, எழுத்துப் பிழை பார்த்தவன் நான். தூக்க நோயின் அடையாளங்கள் அதில் வரிசையாக இருக்கும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல். தலைவலி. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. தொடர்பில்லாத பேச்சு. காரணமில்லாத எரிச்சல். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் என்று சிவப்பில் போட்டிருப்போம். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை, ரூவா அம்மாவை மியூட் செய்துவிட்டு நிமிர்ந்தபோது அதைப் படித்தேன். ஆக, எனக்கு எப்போது தெரியும் என்று நீங்கள் கேட்டால், தேதியோடு சொல்ல முடியும்.

அன்று மாலை அவரிடமிருந்து எழுத்தில் செய்தி வந்தது. நீளமானது. அதை நான் அழிக்கவில்லை, உங்கள் மேசைமேல் உள்ள கோப்பில் இருக்கிறது. "சோக்கோ, நீங்க தூங்கினீங்களா. நான் தூங்கறதில்ல. ராத்திரி பூரா முழிச்சிருக்கேன், விடிஞ்சா கண்ணு சொருகுது. கழுத்துல கட்டி. கடிச்ச எடம் ஆறல. ஈ வீட்டுக்குள்ள வருது, ஈ வீட்டுக்குள்ள வருது. வண்டி அனுப்புங்க. வேற ஒண்ணுமில்ல." அதை நான் மறுநாள் குறிப்பில் ஒரு வரியாகச் சுருக்கினேன்: ‘சிவுரேயில் ஈ நடமாட்டம் அதிகம்.’ அது பொய்யில்லை.

நீங்கள் கேட்கக்கூடியது எனக்குத் தெரியும். வண்டி அனுப்பினால் என்ன? அனுப்பினால் பயணக் காரணம் எழுத வேண்டும். காரணம் ஹராரேக்குப் போகும். செட்சி ஈயைக் கட்டுப்படுத்துகிற பிரிவில் எங்கள் ஆளுக்கே தூக்க நோய் என்றால், மார்ச் வரை காத்திருக்கக்கூட மாட்டார்கள். ஆறு பேரும் தெருவுக்கு வருவார்கள். ரூவா அம்மாவும் அதில் ஒருவர். அவருடைய வேலையைக் காப்பாற்றத்தான் நான் பாடுபட்டேன் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து வாரம் பொறுத்தால் போதும். மார்ச் இருபத்தெட்டாம் தேதி திருமதி மண்டாசா வந்து கேட்டு முடித்தால், இருபத்தொன்பது காலையில் நானே வண்டி அனுப்புவேன். அதை அவருக்கும் எழுதினேன். "அம்மா, இருபத்தொன்பதாம் தேதி வண்டி வரும். அதுவரைக்கும் காலையில் பச்சைப் புள்ளி மட்டும் அனுப்புங்க." நான் வாக்குத் தவறவில்லை. இருபத்தொன்பதாம் தேதி வண்டி போனது.

அவரால் தானாகப் போயிருக்க முடியாதா என்று உங்கள் உதவியாளர் நேற்றுக் கேட்டார். சிவுரேயில் கிராமமும் மருந்தகமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நிலையமும் எங்கள் மண்சாலையும் இந்தப் பக்கம். மழையில் நிரம்பிய ஆறு இறங்க ஏப்ரல் ஆகும். மகளுக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் அந்தச் செயலியை நான்தான் அடைத்திருந்தேன். கூட்டத்தின் குரல் தெளிவுக்காக என்று முன்பே சொன்னேன். கூட்டச் செயலியிலும் என்னைத் தவிர வேறு யாருக்கும் தனியாகச் செய்தி போகாது. ஆகவே அவருக்கு இருந்தது காலைக் கூட்டம் ஒன்றுதான்.

மார்ச்சில் அவர் பச்சைப் புள்ளியை மறக்க ஆரம்பித்தார். சில நாள் சிவப்பு வந்தது. ஒரு நாள் மட்டும் சிவப்பு முப்பது தடவைக்கு மேல் வந்தது. அவற்றை நான் பச்சையாக மாற்றிப் பதிந்தேன். அது மிகவும் எளிது, ஒரு தட்டு தட்டினால் போதும். கூட்டத்தில் அவர் முறை வரும்போது, "சிவுரே கணக்கு எழுத்தில் வந்துவிட்டது" என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போவேன். எழுத்தில் ஒன்றும் வந்திருக்காது. போன வாரத்து எண்ணில் இரண்டு கூட்டியோ குறைத்தோ போட்டுக்கொள்வேன். அவர் பெயருக்குப் பக்கத்தில், பேச வாய்ப்புக் கேட்டுக் கை தூக்கிய படம் வரும். திரையின் மூலையில் அந்தச் சின்னக் கை அப்படியே நிற்கும், கூட்டம் முடியும்வரை. மார்ச் பத்தாம் தேதி முதல்முறையாகப் பன்னிரண்டு நிமிடத்தைத் தொட்டோம்.

ஒப்வியஸ் மூன்று தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டான். முதல் தடவை சாதாரணமாகக் கேட்டான். இரண்டாம் தடவை, "ரூவா அம்மா குரலைக் கேட்டு மூணு வாரமாச்சு, பெரியவரே. அவங்க என்னைத் திட்டாம எனக்கு நாளே ஓட மாட்டேங்குது" என்றான். அங்கே இணையம் சரியில்லை என்றேன். மூன்றாம் தடவை அவன் குரலில் கேலி இல்லை.

"எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. இணையம் சரியில்லன்னா அந்தக் கை எப்படி மேல நிக்குது?"

"அது பழைய படம். உறைஞ்சு போயிருக்கு."

"சத்தியமா?"

"ஒப்வியஸ், இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கோ. உன் வேலையும் அதுலதான் இருக்கு."

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பெண் வீட்டார் காத்திருந்தார்கள். "சரி" என்றான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அவனும் ஒரே பயத்தில்தான் இருந்தோம். என்னிடம் கூடுதலாக இருந்தது அந்தச் சுவரொட்டி மட்டும்தான்.

இனி இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். அதைத்தான் நீங்கள் இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள்.

திருமதி மண்டாசா ஏழு இருபத்தெட்டுக்கே சேர்ந்துவிட்டார். அவரோடு இன்னும் இரண்டு பெரிய அதிகாரிகள். நான் ஏழரைக்குத் தொடங்கினேன். கணக்குகள் சீராக வந்தன. ஐந்தாவது நிமிடம் திருமதி மண்டாசா குறுக்கே வந்தார்.

"நல்லா இருக்கு எட்மோர், ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நான் பழைய காலத்து ஆளு. இவங்க குரலை ஒரு தடவை கேட்டுட்டுப் போறேனே. ஒவ்வொருத்தரா சொல்லுங்க பாக்கலாம், எப்படித் தூங்கினீங்க?"

மூன்று மாதமாக நான் வெட்டி எறிந்திருந்த கேள்வி, மேலிடத்திலிருந்தே வந்தது. நான் ஒவ்வொருவராகத் திறந்துவிட்டேன். நீங்க தூங்கியிருந்தா நாங்களும் தூங்கினோம் மேடம் என்றார்கள். கடைசியில் சிவுரே வந்தது. சின்னக் கை மேலே நின்றுகொண்டிருந்தது.

இப்படி ஏதாவது நேரலாம் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். நல்ல கூட்டம் என்பது முன் தயாரிப்பு. பழைய கூட்டங்களின் ஒலிப்பதிவு என்னிடம் இருந்தது. டிசம்பர் கூட்டம் ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்திருந்தேன். அவர் உடம்பு நன்றாக இருந்த நாள் அது, குரலில் சிரிப்பு இருக்கும். "ரூவா அம்மா, சொல்லுங்க" என்றேன், அவருடைய மியூட்டைத் திறக்காமல் என் பக்கத்திலிருந்து அந்தத் துண்டை ஒலிக்கவிட்டேன். "நீங்க தூங்கியிருந்தா நானும் நல்லாத் தூங்கினேன்."

"பாருங்க, பதினொரு வருஷமா தனியா இருக்கற அம்மா. குரல்ல எவ்வளவு தெம்பு" என்றார் திருமதி மண்டாசா, மற்ற அதிகாரிகளிடம். ஆறு நிலையங்களும் தொடரும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். பதினொன்றரை நிமிடம். யாரும் குறுக்கே பேசவில்லை.

ஒவ்வொருவராக வெளியேறினார்கள். திரையில் நானும் சிவுரேயும் மட்டும் மிஞ்சினோம். எல்லாம் நல்லபடியாக முடிந்த மகிழ்ச்சியில், அவருக்கும் அதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மியூட்டைத் திறந்தேன்.

அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் திறந்ததால் தொடங்கியதல்ல அது. கூட்டம் தொடங்கியதிலிருந்தே பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மெல்லிய குரலில், ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லி வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை தட்டும் சத்தமும் இடையிடையே வந்தது, மிகவும் மெதுவாக.

"அம்மா, நான் சோக்கோ" என்றேன்.

"சோக்கோவா. எப்படித் தூங்கினீங்கன்னு எல்லாரையும் கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல. எம்மேல ஏதும் கோவமா?"

"கோவம் இல்லம்மா. வேலை தப்பிச்சுது. எல்லாருக்கும் வேலை இருக்கு. நாளைக்கு வண்டி வரும்."

"ஒரு பொம்பள பேசினாளே. என் குரல் மாதிரியே இருந்துது. அவ நல்லாத் தூங்கினாளாம்."

நான் அந்த ஒலித்துண்டைத் திரையில் மூடினேன்.

"அவளை எங்கிட்டக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க, சோக்கோ. எப்படித் தூங்கறதுன்னு கேக்கணும்."

நாளை வண்டி வரும் என்று மறுபடியும் சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். அதன் பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல் மனசுக்காரன் இல்லை. பாரம் இறங்கியதால் வந்த அழுகை என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை எங்கள் ஓட்டுநர் டேக்‌ஷூர் விடிந்ததும் கிளம்பினார். ஐந்து மணி நேரப் பாதை. அவர் எடுத்த படத்தை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். ரூவா அம்மா மேசை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தலையில் நல்ல துணி கட்டியிருக்கிறார், கூட்டத்துக்குக் கட்டுவது. படமே வராத கூட்டத்துக்கு எதற்கு அதைக் கட்டினார் என்று தெரியவில்லை. எதிரே போன், சூரியத் தகட்டின் கம்பியில் செருகியபடியே இருக்கிறது. சனிக்கிழமை எங்களுக்குக் கூட்டம் கிடையாது. அவர் ஏழரைக்குச் சேர்ந்திருக்கிறார். நடத்துபவர் உங்களை அனுமதிக்கும்வரை காத்திருக்கவும் என்று திரையில் எழுதியிருந்தது. டேக்‌ஷூர் போய்ச் சேரும்போது உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது.

மகள் ரூவா ஜொகனஸ்பர்கிலிருந்து வந்து இறங்கியதும் நேராக என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேசைக்கு மேலே இருந்த சுவரொட்டியை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அதற்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டே போகும் என் கோட்டையும் பார்த்தாள். அவள் தாதி, இரண்டையும் சேர்த்துப் படிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. "மூணு மாசமா அம்மாகிட்டேருந்து ஒரு பேச்சும் இல்ல. வேலை அதிகம்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அங்கிருந்து கிளம்பி உங்களிடம் வந்தாள்.

இப்போது நேரம் பார்க்கிறேன். இரண்டு மணி நேரமும் சில நிமிடங்களும் ஆகியிருக்கின்றன. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் விசாரணையிலும் இதே குறைதான். எங்கே பிறந்தீர்கள், எத்தனை நிலையம், யார் யாரோடு பேசினார்கள் என்றெல்லாம் சுற்றிவிட்டு வருகிறீர்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான். வண்டி அந்த ஐந்து வாரமும் எங்கே இருந்தது? விதைக்கடைக்குப் பின்னால், முற்றத்தில் இருந்தது. இயக்குநர் நேரில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று வாரம் ஒரு முறை கழுவி நிறுத்தச் சொல்லியிருந்தேன். எண்ணெய் நிரப்பியிருந்தது. சாவி என் மேசை இழுப்பறையில், அந்தச் சுவரொட்டிக்கு நேர் கீழே. பிப்ரவரி பத்தொன்பதிலிருந்து மார்ச் இருபத்தெட்டு வரை தினமும் அந்த இழுப்பறையைத் திறந்து மூடினேன். அவர் சாவார் என்று தெரிந்துதான் மூடினேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கே இரண்டு நாளும் நன்றாகத்தான் தூங்கினேன். ஒன்றுதான் மனசை அறுக்கிறது. மூன்று மாதம் தினமும் காலையில் அத்தனை பேர் ஒன்றாக இருந்தோம். ரூவா அம்மா எப்படி இருக்கிறார் என்று அதில் யாராவது ஒருவர் கேட்டிருந்தால், நான் சொல்லியிருப்பேன்.